ஃபேனுக்கு வந்தவர்

ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் யாராவது வந்து அதன் அடியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது எங்கள் கருந்திட்டு நகரியத்துக்குச் சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெரிய வந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் அணைத்திருப்போமா என்று கேட்டால், மாட்டோம்.

எங்கள் ஊர் கரியை வெட்டி, எரித்து, கரன்ட் எடுக்கிற ஊர். நான் முப்பத்து மூன்று வருஷம் பாய்லரில் வேலை பார்த்தேன். ஊழியர் குவார்ட்டர்ஸில் மீட்டர் கிடையாது. வேலைக்குப் போகும்போது ஃபேனைப் போட்டுவிட்டுப் போவோம், திரும்பி வரும்போது வீடு குளிர்ந்திருக்க வேண்டுமே. வெளியூர் போகும்போதும் போட்டுவிட்டுப் போவோம், சுவர் புழுங்கக் கூடாதே. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும், பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு வந்தாலும், ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, யாரும் படுக்காத அறையில் ஒன்று, சமையலறைப் பல்லிக்கு ஒன்று என்று அவை சுற்றிக்கொண்டே இருந்தன. சுவிட்சை மேலேயும் தள்ளலாம் என்பதை எங்கள் பிள்ளைகள் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டார்கள்.

முதல் ஆள் வந்தது பக்கத்து வீட்டில். தாமோதரன் வீடு. அவன் மனைவி புஷ்பலதா கீரை வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால், ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே, தரையில், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலெல்லாம் செம்மண்ணாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"யாருங்க?"

"காத்து சும்மா போய்க்கிட்டு இருந்துது. உக்காந்தேன்."

புருஷன் வீட்டு மனுஷர் என்று நினைத்து மோர் கொடுத்திருக்கிறாள். மதியம் சாப்பாட்டுக்கு வந்த தாமோதரன், மனைவி வீட்டு மனுஷர் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறான். சோறு போடும்போதுதான் உண்மை வெளியே வந்தது.

"உங்க ஊர்க்காரர்னு நெனச்சேன். ஒரு வார்த்தை குறை சொல்லாம மோரைக் குடிச்சாரு."

"எங்க ஊர்க்காரன் எவன்டி குறை சொல்லாம மோர் குடிச்சிருக்கான்?"

தாமோதரன் கையைப் பிடித்து இழுத்தான். நான் போய் இன்னொரு கையைப் பிடித்தேன். செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து இடுப்பைப் பிடித்தார்கள். தொட்டால் ஆள்தான், உடம்பு சூடு இருக்கிறது, வியர்வை ஒட்டுகிறது, நகரவில்லை. அவர் எதிர்க்கவும் இல்லை, "பாத்துங்க, முதுகு பிடிச்சுக்கும்" என்று எங்களுக்குத்தான் சொன்னார். அறை இருட்டாக இருக்கிறது என்று செக்யூரிட்டிக்காரர் ஒருவர் லைட்டைப் போடப் போய்ச் சுவிட்ச் தெரியாமல் ஃபேனை அணைத்துவிட்டார். அந்த மனிதர் நிமிர்ந்து, மூன்று இறக்கையும் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, துண்டை உதறி, "வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவு வழியாக இறங்கிச் சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தார். தோப்புக்கு அந்தப் பக்கம் அவரை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு வீட்டில் வந்துவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் கணக்கு பிடிபட்டது. ஃபேனுக்கு ஒருவர். யாரும் பார்க்காத டிவிக்கு நான்கு பேர், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அறையைப் பூட்டிவிட்டு ஏசியை ஓடவிட்டால் பாய், தலையணை, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தால் குளியலறை வாசலில் துண்டோடு ஒருவர், முறைக்குக் காத்திருப்பவர் போல மரியாதையாக நிற்பார். செல்போன் இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி வைத்தால் ஆள் வரவில்லை. கோழி வந்தது.

அணைக்க வேண்டியதுதானே. யாருக்கும் தோன்றவில்லை. திருடர்கள் என்றோம். பாத்திரங்களை எண்ணிப் பார்த்தோம், குறையவில்லை. தாமோதரன் வீட்டில் ஒரு டம்ளர் அதிகமாகவே இருந்தது, அது மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த என் வீட்டு டம்ளர், அது வேறு கதை. தலைமை அலுவலகம் அனுப்பிய வேவுக்காரர்கள் என்றோம், மீட்டர் பொருத்துவதற்கு முன்னால் ஆளை விட்டுப் பார்க்கிறார்கள் என்றோம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் என்றோம், இன்றைக்கு ஃபேனுக்குக் கீழே உட்காருகிறவர்கள் நாளைக்குப் பத்திரத்தை விரிப்பார்கள் என்றோம். சிலர் பேய் என்றார்கள். பேய்க்கு வியர்க்குமா என்று கேட்டேன்.

பிறகு ஆள் இல்லாத அறை என்று ஒன்று இருந்தால்தானே வம்பு, ஆளை வைத்துவிடலாம் என்று கிளம்பினார்கள். பத்து வருஷமாகக் கூப்பிடாத மாமனார் மாமியார்களையெல்லாம் ஊரிலிருந்து வரவழைத்து அறைக்கு ஒருவராக உட்கார வைத்தார்கள். என்னையும் என் மகள் முன் அறையில் உட்கார வைத்தாள். ஆள் கிடைக்காதவர்கள் நாற்காலியில் தலையணையைச் சாய்த்துச் சட்டை போட்டு வைத்தார்கள். வந்தவர் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கும் காற்று வர வழிவிட்டார்.

கடைசியில் சுவிட்சுக்குக் கை போனது வெட்கத்தால்தான். பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து எத்தனை பேர் இறங்கிப் போகிறார்கள் என்று எல்லோரும் மதில் வழியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அவங்க வீட்ல நேத்து ஏழு பேர், ஒரு கோழி" என்று காய்கறி வண்டியில் பேசினார்கள். அதன் பிறகு அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைப்பதும், அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதும், பகலில் ஜன்னலைத் திறப்பதும், இரண்டு அறையில் இருந்தவர்கள் ஒரே ஃபேனுக்குக் கீழே வருவதும், தனித்தனி அறையில் வளர்த்து வைத்திருந்த சண்டைகளை ஒரே அறையில் போட்டு முடிப்பதும், வெந்நீரை அளவாகக் காய்ச்சுவதும், மண்பானை வாங்குவதும் என்று ஊர் மாறிப் போனது. இரண்டாம் வாரத்தில் ஊரில் ஏதோ ஒரு சத்தம் குறைந்துவிட்டது. என்ன சத்தம் என்று இரண்டு நாள் யோசித்துத்தான் கண்டுபிடித்தோம்.

நல்ல பழக்கம் வந்துவிட்டது. சந்தேகம் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வாட்ச்மேன் வழக்கப்படி பதினெட்டு ஃபேனையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் உள்ளே போகும்போது பதினெட்டுப் பேர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி சட்டையில் எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருந்தோம். யார் உறுப்பினர், யார் ஃபேனுக்கு வந்தவர் என்று கேட்க எல்லோருக்கும் கூச்சம். வெளியாட்களை விரட்ட வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். உறுப்பினர்களை விடப் பதினெட்டுக் கை கூடுதலாக வந்தது. ஏகமனதாக நிறைவேறியது.

"ஃபேனை நிறுத்துங்கய்யா!" என்று நான் கத்தினேன்.

நிறுத்தினார்கள். பதினெட்டுப் பேர் எழுந்து "வரேங்க" என்றார்கள். கூடவே பத்தொன்பதாவதாக எட்டாம் பிளாக் சிங்காரவேலுவும் எழுந்தான். பதினாறு வருஷமாக எங்களோடு இருப்பவன்.

"வேர்த்துது, எழுந்தேன்" என்றான்.

யார் நம்புகிறார்கள்? அன்றிலிருந்து அவன் மனைவி அவனுக்குச் சோறு போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். அன்றிலிருந்து இந்தச் சோதனையும் ஊர்வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்து ஃபேனைப் போட்டு அணைத்துப் பார்த்தார்கள். புதிதாக வந்த வாத்தியாருக்கு அணைத்துப் பார்த்தார்கள். நிஜ ஆளானால் உட்கார்ந்திருப்பான், ஃபேனுக்கு வந்தவன் எழுந்துவிடுவான். ஊரே வியர்வை வழிய அசையாமல் உட்கார்ந்து தன்னை நிரூபித்துக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு மறுநாளே, திங்கட்கிழமை, எஸ்டேட் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. குவார்ட்டர்ஸில் வெளியாளைத் தங்க வைப்பது உள்வாடகைக்குச் சமம். வரும் வெள்ளிக்கிழமை வீடு வீடாகச் சோதனை. ஃபேனை அணைத்ததும் ஆள் போய்விட்டால் குற்றம் இல்லை, எச்சரிக்கை மட்டும். அணைத்த பிறகும் இருந்தால் குவார்ட்டர்ஸ் ரத்து, ஏழு நாளில் காலி செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் நிம்மதி. அணைத்தால் முடிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் முடியவில்லை.

குவார்ட்டர்ஸ் இப்போது என் மகள் வாசுகியின் பெயரில் இருக்கிறது. நகரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் ஓமானில் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு வீடு இல்லை, எனக்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. இதை நாங்கள் பேசிக்கொண்டது கிடையாது.

பின்னறையில் பழைய பேப்பர் கட்டும் ஒரு கட்டிலும் கிடக்கும். அந்த அறை ஃபேனை நான் எண்பத்தேழில் போட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சை யாரும் தொடவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நகரியத்துப் பெயின்டர்கள் வருவார்கள். சுவரோடு சேர்த்துச் சுவிட்ச் பலகைக்கும் அடித்துவிட்டுப் போவார்கள், தொடாத பொருள்தானே. பதினொரு பூச்சு. சுவிட்ச் இருந்த இடத்தில் இப்போது சுவரில் ஒரு வீக்கம்தான் இருந்தது. அந்த முதல் செவ்வாய்க்கிழமையே அங்கேயும் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அணைக்க வழியில்லை, அதனால் போகவும் இல்லை.

மெயினை இறக்கலாமே என்பீர்கள். எட்டு வீட்டுக்கு ஒரே மெயின். துருப்பிடித்து இறுகிப் போய், நான் இழுத்ததில் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கம்பியை வெட்டினால் கம்பெனி சொத்துக்குச் சேதம், அதற்கும் வீடு போகும். கம்பால் இறக்கையைத் தடுத்து நிறுத்திப் பார்த்தேன். "மோட்டார் சூடாகுதுங்க" என்றார் அவர். எலக்ட்ரீஷியனைக் கேட்டால் கையில் வேலை குவிந்து கிடக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்றான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தாளு போகணும்பா" என்றாள் வாசுகி.

"போகும்."

"நீ வாயால சொல்லாத. சுரண்டு."

சுரண்டினேன். கத்தியால் ஒரு நாளில் முடிகிற வேலை. ஆனால் அந்த ஆளுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கு மனசு வரவில்லை. பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணை அவர் மேல் வைத்து, ஒரு கையால் சுரண்டினேன். அதனால் புதன் சாயங்காலம் வரை இழுத்தது. சுரண்டிக்கொண்டே கேட்டேன்.

"யோவ், உன் பேரு என்ன?"

"கலியனுங்க."

"எந்த ஊரு?"

இதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். எந்தக் கேள்வி கேட்டாலும் அப்படித்தான். கேள்வியைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, அளந்து, அப்புறம்தான் பதில் வரும். அதற்குள் எனக்கு இரண்டு பூச்சு கழன்றுவிடும்.

"ஊரு இப்ப இல்லீங்க. சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு."

"அதான் பார்த்தேன். நிலத்தைத் திருப்பிக் கேக்க வந்திருக்க."

"இல்லீங்க. காத்துக்கு வந்தேன்."

"காத்துக்காக எவனாவது அங்கேருந்து இங்க வருவானா?"

மறுநாள் காலையில் பதில் வந்தது. "கரன்ட்டு வருதுங்களே."

திமிரா, வெகுளியா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாசுகி வைக்கிற சோற்றைச் சாப்பிடுவார், தட்டை அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். கழுவும்போது குழாயைப் பாதிதான் திறப்பார். இதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டேன். இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவனை எப்படி நம்புவது? மதிலுக்கு அந்தப் பக்கம் தாமோதரன் துணி காயப்போடுகிற சாக்கில் மூன்று நாளாக எங்கள் பின்னறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்டேட் ஆபீஸில் சொன்னாலும் சொல்வான். டம்ளர் விஷயம் அவனுக்கு மனசில் இருக்கிறது.

புதன் சாயங்காலம் கடைசிப் பூச்சும் கழன்றது. உள்ளே கருப்புச் சுவிட்ச். எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டினேன். மேலே போனது. ஃபேன் இளைத்து இளைத்து நின்றது. கலியன் நிமிர்ந்து பார்த்தார், துண்டை உதறினார், முழங்காலில் கை ஊன்றி எழப் போனார்.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. பதினைந்து நாளாக ஒருவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒன்றும் கேட்காமல், ஒன்றும் எடுக்காமல் போகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

"நில்லு. உண்மையைச் சொல்லிட்டுப் போ. உனக்கு என்னதான் வேணும்?"

கலியன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். யோசிக்க ஆரம்பித்தார்.

வாசுகி டூட்டி முடிந்து வந்து பார்த்தாள். நின்ற ஃபேன். உட்கார்ந்த ஆள்.

"என்னப்பா ஆச்சு?"

சொன்னேன்.

"போக எழுந்த ஆளை நீ ஏன்பா உக்கார வெச்ச?" பையைக் கட்டிலில் போட்டாள். "ஐயா, அவர் கேட்டதை விடுங்க. நீங்க கிளம்புங்க."

"ஐயா கேட்டாருங்களே" என்றார் கலியன். "பாதியில எப்படி எழுந்து போறது?"

"அவர் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேப்பாரு. என் புருஷனையும் இப்படித்தான் கேட்டாரு, அவர் ஓமானுக்கே போயிட்டாரு."

கலியன் அசையவில்லை. கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். வாய்தான் சொன்னது. எனக்குப் பதில் தெரிய வேண்டும் என்று என் முகத்தில் இருந்தது போலிருக்கிறது, அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஆழமாக யோசித்தார். வியாழக்கிழமை முழுக்க யோசித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு எஸ்டேட் ஆபீசர் கிருபாகரன் பதிவேட்டோடு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் எல்லோரையும் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, அணைத்து, எழுந்தவர்களை எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் பின்னறைக்குள் வந்து நின்றார். கட்டிலில் நான். தரையில் கலியன். கதவில் வாசுகி, வெள்ளை யூனிஃபார்மில். ஜன்னலுக்கு வெளியே மதில் மேல் தாமோதரனின் தலை.

"வாசுகி. சார்ந்திருப்பவர், தகப்பனார், ஒருவர்" என்று படித்தார் ஆபீசர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இதுல யாரும்மா உங்க அப்பா?"

வாசுகி என்னைக் காட்டினால் தரையில் இருப்பவர் வெளியாள், நின்ற ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற வெளியாள், வீடு போகும். அதைச் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, நீங்கதான் அப்பாவா?" என்று கலியனைக் கேட்டார்.

கலியன் அந்தக் கேள்வியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"சரி. போட்டே பார்த்துடுவோம்" என்று ஆபீசர் சுவிட்சைக் கீழே தள்ளினார், ஃபேன் சுற்றி வேகம் பிடித்தது, பேப்பர் கட்டெல்லாம் படபடத்தது, மறுபடியும் மேலே தள்ளினார், அறையில் இருந்த எல்லோரும் தலையை உயர்த்தி அந்த மூன்று இறக்கைகளைப் பார்த்தோம், அவை ஒரு வட்டமாக இருந்து, பிறகு வட்டத்துக்குள் மூன்று நிழலாகி, பிறகு மூன்று இறக்கையாகி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் போவதுபோல மெதுவாகி, நான் கலியனைப் பார்த்தேன், அவர் எழுந்திருக்கப் போவதில்லை, அவர் என் கேள்விக்குள் இருந்தார், இன்னும் இரண்டு சுற்று, இன்னும் ஒரு சுற்று, யாரும் எழுந்திருக்காவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு தகப்பன்.

நான் எழுந்தேன்.

தோளில் துண்டு இல்லை. கைக்கு வந்த வாசுகியின் பூத்துவாலையை எடுத்து உதறினேன்.

"வரேங்க" என்றேன்.

வாசுகி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி.

"அவருதான் சார் வெளியாளு!" என்று மதில் மேலிருந்து தாமோதரன் கத்தினான். "ரெண்டு வாரமா நானே பாக்குறேன். சரியான முசுடு!"

காப்பாற்றினானா, பழி தீர்த்தானா, இன்றுவரை தெரியவில்லை. ஆபீசர் எழுதினார்: வெளியாள் தானாக வெளியேறினார், தகப்பனார் வீட்டில் இருக்கிறார், எச்சரிக்கை. நான் என் வீட்டுக் கொல்லைக் கதவு வழியாக இறங்கினேன்.

எங்கே போவது? வெயில் மண்டையைப் பிளந்தது. பிளாக்கைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். வீடு வீடாக இருட்டு அறைகள், திறந்த ஜன்னல்கள், நின்ற ஃபேன்கள். முப்பத்து மூன்று வருஷம் பாய்லருக்கு முன்னால் நின்றவன் ஒதுங்க இந்த ஊரில் சும்மா ஓடுகிற ஒரு ஃபேன் இல்லை. வேப்பமரத்தடியில் ஆபீசரின் ஜீப் நின்றிருந்தது. டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நான் யோசித்து ஏறினேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசர் வந்து கதவைத் திறந்தார். கத்தினார். தோளைப் பிடித்து இழுத்தார். நான் வீம்புக்கு உட்கார்ந்திருக்கவில்லை, இறங்கத்தான் பார்த்தேன், உடம்பு வரவில்லை. அவர் முகம் சிவந்தது. என் தோள் வலிக்குமோ என்று எனக்குத் தோன்றுவதற்கு முன்னால், அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளுமே என்று எனக்குத் தோன்றியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் அப்படி நினைக்கிற ஆள் இல்லை.

டிரைவர் ஓடி வந்து சாவியைத் திருப்பினான். என்ஜின் நின்றது. இறங்கிவிட்டேன். தெருவில் எல்லா ஜன்னலிலும் தலைகள் இருந்தன. ஆபீசர் அவற்றைப் பார்த்தார், பதிவேட்டை மூடினார், மிச்ச வீடுகளைப் பார்க்காமலே போய்விட்டார்.

கொல்லை வழியாகவே வீட்டுக்குள் போனேன். பின்னறையில் வாசுகி மட்டும் நின்றிருந்தாள். கலியன் இல்லை.

"எங்க?"

"போயிட்டாரு."

"பதில் சொன்னானா?"

"சொன்னாரு. ரெண்டு நாளா நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன், எனக்கு என்ன வேணும்னு ஒண்ணும் தட்டுப்படலீங்க, ஐயா வந்தா வருத்தப்பட வேணாம்னு சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

நான் நம்பவில்லை. பேப்பர் கட்டுக்குப் பின்னால் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. வெயிலில் நடந்ததில் தலை சுற்றியது. கட்டிலில் உட்கார்ந்தேன்.

வாசுகி கதவருகிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பை அவளும் முன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஆபீசர் இழுத்ததையும், நான் நகராததையும், என்ஜின் நின்றதும் இறங்கியதையும்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிடுகிறாள்.

"என்னடி மரியாதை?"

சுவிட்சுக்குப் போனாள். ஃபேனைப் போட்டாள். வேகம் பிடிக்கும்வரை பொறுத்திருந்தாள். காற்று நன்றாக இருந்தது. அணைத்தாள்.

எனக்கு முழங்கால் வலித்தது, காலை நீட்டி எழுந்து நடந்தால் தேவலை போலிருந்தது, கழுத்திலிருந்து வியர்வை இறங்கி முதுகுக்குள் ஓடியது, எழுந்திருக்க வேண்டும் எழுந்திருக்க வேண்டும் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது, அது வியர்வைதானா வேறெதுவுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இறக்கைகள் நின்றன. அவள் கண் என் மேலேயே இருந்தது. நான் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.